எட்டாத குரலுக்குக் கம்பம் நட்டவர்

அன்று காலை நான் பூதலூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக, சவுக்குக் கம்பத்தின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் கைபேசி அடித்தது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி எடுத்தேன். புவனேஸ்வரி மேடத்தின் தம்பி குமரன் பேசினார்.

“முருகையண்ணே... அக்கா போயிட்டாங்கண்ணே.”

“எங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன்.

அப்படித்தான் கேட்கத் தோன்றியது. மேடம் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருந்தவர். வாய்க்கால் கரையிலோ, யாருடைய நாற்றங்காலிலோ, விதைக் கிடங்கிலோ இருப்பார். குமரன் உடைந்து அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி என்று சொல்லியிருக்கிறார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கம்பத்திலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பாதி கட்டிய ஒலிபெருக்கி ஒரு கயிற்றில் சாய்ந்து தொங்கியதும், கீழே நின்றவர்கள் “விழுந்துடப் போவுது, விழுந்துடப் போவுது” என்று கத்தியதும் மட்டும் மனதில் இருக்கின்றன.

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அவர் ‘அக்ரி மேடம்’. உதவி வேளாண்மை அலுவலராக ஸ்கூட்டியில் ஊர் ஊராக வந்து, குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுக்கும் மருந்து சொன்னவர். உரிமம் வாங்கிய தனியாட்கள் வீட்டிலிருந்தே பேசிக்கொள்ளும் ஹாம் வானொலி வைத்திருக்கும் எங்களைப் போன்ற சிலருக்கு அவர் ஒரு குரல். மாலை வேளைகளில் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளும்போது, எல்லோரையும் ஒழுங்காக வரிசையில் பேச வைக்கும் நிதானமான குரல். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அதிகம் அறியாது. இரண்டிலும் கால் வைத்திருந்தவன் என்ற முறையில் இதை நான் எழுதுகிறேன்.

அவருடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். மேடம் வேளாண்மை படித்த கல்லூரி விடுதியில் யாரோ ஒரு தோழி வைத்திருந்த வானொலிப் பெட்டியில், கம்பி எதுவும் இல்லாமல் முன்பின் தெரியாத ஒருவர் தன் பேரைக் கேட்டுப் பேசியதை ஆச்சரியமாகச் சொல்வார். “நம்ம பேர இவ்வளவு மரியாதையா ஒருத்தர் கேட்டது அதான் மொத தடவை” என்பார். தேர்வு எழுதி உரிமம் வாங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார்.

நான் மைக் செட் கடைக்காரன். எங்கள் அறிமுகம் ஒரு சண்டையில் தொடங்கியிருக்க வேண்டியது. அவர் வீட்டுத் தெருவில் ஒரு காதுகுத்துக்கு நான் செட் போட்டிருந்தேன். திடீரென்று ஓர் அம்மா வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றார்.

“உங்க செட்டு என் ரேடியோவுல கர்ருங்குதுங்க. பாட்ட நிறுத்த வேண்டாம். எர்த் எங்க குடுத்திருக்கீங்கன்னு மட்டும் காட்டுங்க.”

இருவருமாகத் தேடினோம். என் எர்த் கம்பி மண்ணுக்குள் போகாமல் ஒரு செங்கல்லுக்கு அடியில் கிடந்தது. அதை ஈர மண்ணில் புதைத்ததும் இரைச்சல் நின்றது. அதன் பிறகு என்ன ரேடியோ அது என்று பார்க்கப் போனவன்தான். என்னையும் தேர்வு எழுத வைத்தார். ஒரு தடவை தோற்று, அடுத்த தடவை தேறினேன். அவரைவிட நான் சில வயது இளையவன்; ஆனாலும் கடைசி வரை “வாங்க முருகையன், சொல்லுங்க முருகையன்” என்றுதான் பேசினார்.

பிறகு அவருக்குக் கடலோரப் பக்கம் மாறுதல் வந்தது. அங்கே இருந்தபோதுதான் அந்தப் புயல் அடித்தது.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு எந்தப் புயல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஊழியர்களை முகாம்களில் போட்டிருந்தார்கள். மேடம் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தார். விடியும் முன்னே மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரங்கள் போயின, காவல்துறை வயர்லெஸ் கம்பமும் சாய்ந்துவிட்டது. மேடத்திடம் கையில் பிடித்துப் பேசும் சின்ன ஹாம் செட் ஒன்று இருந்தது. அதில் ஒரு குரல் வந்தது.

“யாராவது கேக்குறீங்களா? கடல் தண்ணி ஊருக்குள்ள வருது. தெக்குத் தெருவுல வயசானவங்க இருக்காங்க. யாராவது கேக்குறீங்களா?”

அவர் பெயர் அன்புராஜ். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அவரும் உரிமம் உள்ளவர். மேடம் அவரை நேரில் பார்த்ததில்லை, குரல் தெரியும். அவருடையது பேட்டரியில் ஓடும் பெரிய செட். அதன் சக்திக்கு அவர் பேச்சு பல மைல் தாண்டி மேடத்துக்குத் தெளிவாக வந்தது. மேடத்தின் சின்ன செட்டுக்கு அவ்வளவு தூரம் பதில் அனுப்பும் வலு இல்லை. “கேக்குது, சொல்லுங்க, நான் இருக்கேன்” என்று மேடம் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். மாடிப்படி ஏறி நின்று சொன்னார். மழையில் வெளியே போய்ச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் “யாராவது கேக்குறீங்களா?” என்றுதான் வந்தது.

முகாம் அதிகாரியிடம் ஓடியிருக்கிறார். சாலை முழுக்கத் தென்னையும் புளியமரமும் விழுந்து கிடந்தன. யாரையும் அனுப்ப வழியில்லை. கொஞ்ச நேரத்தில் அன்புராஜின் பேட்டரி இறங்கியது. சொற்கள் உடைந்தன. பிறகு சொல்லே இல்லாமல் விசையை அழுத்தும் சத்தம் மட்டும் வந்தது. அதுவும் நின்றது. மேடம் தன் செட்டில் உயிர் இருந்தவரை பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். என் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

சாலை திறந்ததும் முதல் வேலையாக அந்த ஊருக்குப் போனார். ஓட்டு வீட்டின் சுவர் சரிந்து அன்புராஜ் இறந்திருந்தார். மனைவி நிர்மலாவும் இரண்டு பிள்ளைகளும் மாதா கோயிலில் ஒதுங்கித் தப்பியிருந்தார்கள். மேடம் தான் யார் என்று சொல்லிவிட்டு, “அவர் பேசுனது எனக்குக் கேட்டுச்சும்மா. நான் பதில் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். அவருக்கு என் பதில் கேட்டுச்சா?” என்று கேட்டிருக்கிறார்.

நிர்மலா மேடத்தின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு, “இல்லங்க. யாருமே இல்லன்னு நெனச்சிக்கிட்டுத்தான் போனாரு” என்றாராம்.

அந்தப் பதிலோடுதான் மேடம் பூதலூருக்கு மாறுதல் வாங்கித் திரும்பி வந்தார்.

வந்த கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். “முருகையன், நாம ஒரு ரிப்பீட்டர் செய்யணும். தூக்கிக்கிட்டுப் போற மாதிரி” என்றார். ரிப்பீட்டர் என்பது எட்டாத இரண்டு பேருக்கு நடுவில் உயரமாக நின்று, ஓர் அலைவரிசையில் மெலிந்த குரலை வாங்கி, அதே நொடியில் வலுவாக்கி இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் பெட்டி. மலை உள்ள ஊர்களில் மலையுச்சியில் வைத்துவிடுவார்கள். நம் ஊரில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டியவரை நெல்வயல்தான். பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டியின் மேலே நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

“தொட்டி இருக்கற எடத்துக்கு நாம போகணும். ரோடு இல்லன்னா எப்படிப் போவீங்க? கம்பம்னா நாம போற எடத்துக்குக் கூடவே வரும்” என்றார்.

ஆகவே கம்பம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களை ஆழ்துளைக் கிணறு போடுபவர்களிடம் பேசி வாங்கினேன். கம்பம் நிறுத்துவதும் நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவதும் எனக்குத் தொழில். பெட்டியின் கனத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. “ரெண்டு பொம்பளைங்க தூக்கிக்கிட்டு வரப்புல நடக்கணும். அதுக்கு மேல கனம் வேண்டாம்.” பேட்டரிக்கும் அவரே வழி சொன்னார். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு டிராக்டர் நிற்கும். அதன் பேட்டரியில் ஓடினால் போதும் என்றார். வயல் வயலாக நடந்தவருக்குத்தான் அது தோன்றும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். தன் வாயிலிருந்து வரும் சத்தமே தன் காதை அடைத்துவிடும். முதல் தடவை பொருத்தியபோது பெட்டி பேசத் தொடங்கியதும் செவிடாகிவிட்டது. இரண்டையும் பிரிக்க, உலோகக் குழாய்களில் செய்த வடிகட்டி ஒன்று வேண்டும். கும்பகோணத்தில் பித்தளைக் குழாய் வாங்கி நானும் அவரும் பற்றவைத்தோம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கெஞ்சிக் கேட்டு, அங்கிருந்த கருவியில் திருகு திருகாகச் சரிசெய்தோம். கடைக்குள் அருமையாக வேலை செய்தது. வெண்ணாற்றங்கரையில் வெயிலில் வைத்தோம். மதியத்துக்குள் மறுபடி செவிடு. சூட்டில் குழாய் நீண்டு அளவு மாறிவிடுகிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு வெகுநாள் ஆனது.

அன்று எனக்கு எரிச்சல். “வுடுங்க மேடம், கம்பெனிக்காரன் செஞ்சத காசு சேத்து வாங்கிக்குவோம்” என்றேன்.

அவர் கரையில் உட்கார்ந்து, அந்தப் பித்தளைக் குழாயை மடியில் வைத்துக்கொண்டார். “அதுக்குள்ள இன்னொரு மழை வந்துடும் முருகையன்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

மீன் வைக்கும் தெர்மகோல் பெட்டிக்குள் வடிகட்டியை வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அது பலித்தது. அனுமதி வாங்க அவர் அலைந்ததைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒரு வழியாக அந்த ரிப்பீட்டர் எழுந்து நின்றது. கம்பத்தில் ஏற்றிய முதல் நாள், வலங்கைமானிலிருந்து ஒருவரும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவரும் சின்ன செட்டுகளில் பேசிக்கொண்டார்கள். நான் கைதட்டினேன். மேடம் காதில் செட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

அதன் பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். மாலையில் எங்கள் பேச்சு முடிந்து, எல்லோரும் விடைபெற்று, அலைவரிசை அமைதியாகிவிடும். நான் கடையில் செட்டை அணைக்க மறந்து ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பேன். அந்த அமைதியில் திடீரென்று மேடத்தின் குரல் வரும்.

“கேக்குது. சொல்லுங்க. நான் இருக்கேன்.”

யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: “நான் இருக்கேன்.” அவ்வளவுதான். முதல் நாள் யாரோ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். எங்கள் கூட்டத்தில் மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். யாரும் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “சாயங்காலம் யார்கிட்ட மேடம் பேசறீங்க?”

மறைக்கவில்லை அவர். “காதுல விழுந்துக்கிட்டே இருக்கு முருகையன். வயல்ல நிக்கும்போதும் விழுது, சோறு திங்கும்போதும் விழுது. பதில் சொல்லாம படுக்கப் போக முடியல” என்றார். பிறகு, “பைத்தியம்னு நெனைக்காதீங்க” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வருடா வருடம் அந்தப் புயல் நாளை ஒட்டி நிர்மலாவைப் பார்க்கப் போவார். சில தடவை என் வண்டியில்தான் போனோம். நிர்மலா மீன் குழம்பு வைத்துப் போடுவார். பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். கிளம்பும்போது நிர்மலா வாசல் வரை வந்து ஏதோ சொல்ல வந்தவர் போல நிற்பார். “பாத்துப் போங்க” என்பார். அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் வலங்கைமான் பக்கம் ஆற்றங்கரை உடைந்தது. மின்சாரமும் கைபேசியும் போயின. நாங்கள் ரிப்பீட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கம்பத்தை நிறுத்தினோம். எங்கள் தன்னார்வலர் ஒருவர் சின்ன செட்டோடு, தண்ணீர் சூழ்ந்த ஒரு தெருவில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் வந்தது.

“மேடம், இங்க ஒரு அம்மாவுக்குப் பாம்பு கடிச்சிருச்சு. கண்ணு சொருகுது. படகு வேணும்.”

மேடம் அவரிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குது மேடம்.”

“நல்லாக் கேக்குதா?”

“நல்லாக் கேக்குது மேடம், பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு.”

அதன் பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார். தீயணைப்புப் படகுக்குச் செய்தி சொன்னார். ஆஸ்பத்திரியில் மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னார். படகு போய்ச் சேரும்வரை அந்தத் தன்னார்வலரைப் பேச்சிலேயே வைத்திருந்தார். கடிபட்ட அந்த அம்மா பிழைத்தார். அடுத்த மாதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேடத்தின் வீட்டுக்கு வந்தார்.

பிழைத்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் மேடம் டிராக்டருக்குப் பின்னால் போய், சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சரி, இதோடு அந்தப் பாரம் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். தண்ணீர் வடிந்து ஊர் திரும்பினோம். அன்று மாலை பேச்சு முடிந்து எல்லோரும் விடைபெற்ற பிறகு, வழக்கம்போல, “கேக்குது. நான் இருக்கேன்” என்று குரல் வந்தது.

இறப்பதற்கு முதல் நாள் மாலையும் வந்தது.

துக்கச் செய்தி கேட்டு நிர்மலா மேடத்தின் வீட்டுக்கு வரும்போது மதியமாகிவிட்டது. மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். மேடத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, மாலைகளை ஒதுக்கி, காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். பெண்கள் அழுகையில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போய் வெண்ணாற்றங்கரையில் எரியூட்டிவிட்டு நாங்கள் திரும்பியபோது, நிர்மலா போகாமல் பந்தலில் காத்திருந்தார்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஒவ்வொரு வருசமும் சொல்லிடணும்னு இருப்பேன், வாய் வராது” என்றார். “அன்னைக்கு அவருக்குக் கேட்டுச்சுண்ணே.”

“மேடம் சொன்ன பதிலா?” என்றேன்.

“பேச்சு வெளங்கல. ஆனா கடைசியா அவரு பேசி முடிச்சதும், அந்த இரைச்சல் கொஞ்ச நேரம் அமுங்கி அமுங்கி வந்துச்சு. ‘பாத்தியா, யாரோ பதில் சொல்றாங்கடி, ஆள் இருக்கு’ன்னாரு. அவ்வளவு சந்தோசமாச் சொன்னாரு. அதுக்குள்ள பேட்டரி போச்சு. கேக்க மட்டும் முடியுது, பேசப்போனா செட்டு அணைஞ்சுடுது. தண்ணி வாசப்படி ஏறிடுச்சு, வாங்க போவோம்னேன். ‘நீ புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மாதா கோயிலுக்குப் போ. பட்டறையில இன்னொரு பேட்டரி கெடக்கு, அத மாட்டி, எடத்த வெளங்கச் சொல்லிட்டு வந்துடுறேன். கேட்டுக்கிட்டிருக்கவங்கள விட்டுட்டு எப்படி வர்றது’ன்னாரு. அதுக்கப்புறம்தான் செவுரு...”

அவர் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரும் இல்லன்னு நெனச்சிருந்தா எங்ககூடவே கெளம்பி வந்திருப்பாருண்ணே. இத நான் எப்படி அவங்ககிட்ட சொல்றது? மொத நாளு வந்து நின்னப்ப அவங்க மொகத்தப் பாத்தேன். இது தெரிஞ்சா இந்தப் பொம்பள தாங்காதுன்னு தோணுச்சு. அதான் அவருக்குக் கேக்கலன்னு சொன்னேன். அத்தோட விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

நான் அப்போதுதான் அவரிடம் அந்த மாலை வேளைகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. நிர்மலா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“தெனமுமா?”

“தெனமும்தாம்மா.”

பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நிர்மலா உட்கார்ந்திருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து எழுந்தார். பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தேன். மேடத்தைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னேன்.

“எழுதுங்கண்ணே. நான் பொய் சொன்னதையும் சேத்து எழுதுங்க. அவரு தனியா இல்லன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.”

உண்மையை அன்றே சொல்லியிருந்தால் மேடம் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘என் பதிலை நம்பித்தானே நின்றார்’ என்று இன்னும் மோசமாக உடைந்திருக்கலாம். ஒருவேளை அந்தக் குரல் அவரை விட்டுப் போயிருக்கலாம். அந்தக் கம்பமும் பெட்டியும் பிறக்காமலே போயிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. நிர்மலா மேடத்தின் காதில் குனிந்து சொன்னது இதைத்தான் என்று மட்டும் தெரிகிறது. கேட்க வேண்டியவருக்கு அது கேட்கவில்லை.

பேருந்து வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல்; பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. நிர்மலா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பேருந்து அந்தத் தண்ணீருக்கு நடுவே போய்ச் சின்னதாகும்வரை அவர் தலையைத் திருப்பிப் பூதலூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு போனார்.

மேடம், உங்களிடம் இதை யாராலும் உரிய நேரத்தில் சொல்ல முடியவில்லை. அன்புராஜுக்கு உங்கள் பேச்சு விளங்கவில்லை. நீங்கள் இருப்பது தெரிந்திருந்தது. அந்த வீட்டில் அவர் யாரும் இல்லாதவராகச் சாகவில்லை. இனி நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. தூங்குங்கள் மேடம்.